குளிருக்குத்தான் அடிக்கடி வருகுது

இஞ்சாருங்கோ,

வியா மக்வேதாத் தெருவில் இன்று கஸ்தாஞ்ஞாக் கொட்டை சுடும் வண்டிகள் வந்துவிட்டன. அந்தப் புகையைச் சுற்றிச் சனம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. நான் நிற்காமல் நடந்துவிட்டேன். குளிர் வருகிறது என்றால் உங்கள் வருத்தமும் வருகிறது என்றுதான் என் மனம் இன்னும் நினைக்கிறது.

அங்கே யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அந்த வருடக் குளிரில்தான் முதன்முதல் கவனித்தேன். நாங்கள் அப்போது இருந்த கால்சாப் பகுதி வீட்டில் கழிப்பறை பல்கனியோடு. இரவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப எழும்பிப் போவீர்கள். போனால் லேசில் வரமாட்டீர்கள். கேட்டால், "குளிருக்குத்தான் அடிக்கடி வருகுது. இஞ்சை எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்பீர்கள். குளிரே இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அது உடம்பை என்ன செய்யும், என்ன செய்யாது என்று எங்களுக்கு யார் சொன்னது? தோல் வெடித்ததும் குளிரால், மூட்டு நொந்ததும் குளிரால். இதையும் அதன் தலையிலேயே போட்டீர்கள்.

கோடையில் உண்மையாகவே குறைந்தது. குடித்த தண்ணீரெல்லாம் வியர்வையாய்ப் போனது. "பாத்தியே, வெயில் வரச் சரியாப் போச்சு" என்று என்னை நக்கலடித்தீர்கள். எனக்கு அந்தச் சுகம் பிடிக்கவில்லை. ஏனென்று சொல்லத்தான் தெரியவில்லை.

அடுத்த குளிரில் பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்றோம். நீங்கள் மறுபடி மறுபடி ஓடிவிட்டுத் திரும்ப, பின்னால் நின்றவர்கள் வரிசைக்குள் விடவில்லை. வெறுங்கையோடு வீடு வந்தோம்.

"டொக்டரிட்டைப் போவம். மகள் வந்து இத்தாலியனிலை சொல்லுவாள்" என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையிட்டைக் கதைக்கிற கதையே இது?" என்று சீறினீர்கள்.

தேத்தண்ணியை நிறுத்தினீர்கள். கம்பளிக் காற்சட்டை ஒன்று வாங்கினீர்கள். உங்களுக்கு மானம் பெரிதாய்ப் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் குளிரில் முதுகு நோவும் சேர்ந்தது. நீங்கள் வேலைசெய்த சிஞ்ஞோரா அம்மா வீட்டுப் பளிங்குப் படிகளைத் துடைத்ததால் வந்தது என்றீர்கள். ஒருநாள் காலை சலம் அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஆஸ்பத்திரியில் என் சமையலறை இத்தாலியனை வைத்துக்கொண்டு நானே கதைத்தேன். புரொஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்றார் டொக்டர். எப்போதிருந்து என்று கேட்டார். குளிர்காலத்திலிருந்து என்றேன்.

"எந்தக் குளிர்காலம், சிஞ்ஞோரா?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் யன்னலைப் பார்த்தீர்கள்.

பிறகு வெயில் வந்தது. கடற்கரை முழுக்கச் சனம். நீங்கள் இல்லை.

இப்போது பூசைக்கு வரும் ஐம்பது தாண்டிய ஆம்பிளைகளைக் கண்டால் நேரே கேட்டுவிடுகிறேன், "சலம் ஒழுங்காப் போகுதோ?" என்று. என் தலையைக் கண்டாலே ஒளிக்கிறார்கள். ஒளிக்கட்டும், எனக்கென்ன வெட்கம். என் தம்பி மட்டும் ஒளிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அக்கா, கொஞ்சம் கரைச்சலாத்தான் கிடக்கு" என்றான்.

நாளைக் காலை அவனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். சொல்லவேண்டியதெல்லாம் எனக்கு இப்போது இத்தாலியனில் தெரியும், உங்களோடு அலைந்து படித்ததுதான். எப்போதிருந்து என்று மட்டும் அவனிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.