படி இல்லாத வாசல்

என் மாமிக்கு,

உங்கள் மருமகள் பர்வீனின் ஸலாம். பதில் ஸலாம் வராது என்று தெரிந்தும், ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வரியை எழுதுகிறேன். நீங்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. உங்களோடு பேச எனக்குக் காகிதம்தான் இருக்கிறது. இதை நாலு பேர் படித்தால் படிக்கட்டும். நீங்கள் இருந்தபோது மட்டும் நம் பேச்சு நமக்குள்ளேயா நின்றது? கூத்தாநல்லூரில் பாதித் தெருவுக்குக் கேட்டது.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகன் ரியாஸ் சவூதி வேலையை விட்டுவிட்டு நோன்புக்கு முன்னால் வந்துவிடுகிறார். இனி போக மாட்டாராம். இதே வார்த்தையை முன்பும் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த முறை நம்புகிறேன். கொல்லை முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. நீங்கள் பேரம் பேசியே நோகடித்த மீன்காரர் இன்னும் நம் வாசலில்தான் முதலில் வண்டியை நிறுத்துகிறார். நான் அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். அது அவருக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நீங்கள் என்னை விடாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. தஞ்சாவூர் ஆபீசுக்கு நான் பஸ் பிடிக்க ஓடும்போது பார்த்துத்தான் கேட்பீர்கள். "ஆஸ்பத்திரிக்குப் பிளான் போடுறதுன்னா என்னம்மா? நாலு சுவரு, நாப்பது கட்டிலு. இதுக்கு ஒரு படிப்பா?" பஸ் போய்விடும் என்று சிரித்துக்கொண்டே ஓடிவிடுவேன். உட்கார்ந்து பதில் சொல்ல வாய்க்கவே இல்லை. இப்போது நேரம் இருக்கிறது, கேளுங்கள்.

வீட்டைச் சுவரில் தொடங்கலாம். ஆஸ்பத்திரியை வழியில் தொடங்க வேண்டும். எது எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் கோடு கோடாக வரைவோம். நோயாளி வரும் வழி, சாப்பாட்டு வண்டி போகும் வழி, துவைத்த துணி உள்ளே வரும் வழி, அழுக்குத் துணி வெளியே போகும் வழி. சுத்தமும் அசுத்தமும் ஒரே நடையில் எதிரெதிரே வரக் கூடாது. மீன் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாவுச் சட்டியை வைத்தால் நீங்கள் என்னை என்ன பாடுபடுத்துவீர்கள்? அதே சட்டம்தான்.

நர்ஸ் உட்காருமிடத்திலிருந்து நோயாளியின் முகம் தெரிய வேண்டும், கால் தெரிந்து பிரயோஜனமில்லை. கை கழுவும் தொட்டி கதவை ஒட்டியே இருக்க வேண்டும். மூலையில் வைத்தால் அவசரத்தில் யாரும் அதுவரை போக மாட்டார்கள். கூரையைக்கூட நாங்கள் வரைவோம். நடந்து வருகிறவர்கள் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை, மல்லாந்து படுத்து வருகிறவருக்கு அது ஒன்றுதான் தெரியும். அதனால் விளக்கு அவர் கண்ணுக்கு நேர் மேலே இருக்கக் கூடாது.

நம் பக்கத்தில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் எட்டுப் பேர் கேரியரும் பாயுமாக வேனில் வந்து இறங்குவார்கள். அந்த எட்டுப் பேருக்கும் பிளானில் இடம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவர்களே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அது சரியாக ஸ்ட்ரெச்சர் திரும்புகிற மூலையாக இருக்கும். நீங்களே உங்கள் தங்கச்சி பிரசவத்தின்போது அப்படி ஒரு மூலையில் பாய் விரித்து, நர்ஸோடு சண்டை போட்டதாகப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொரு வழியும் வரைய வேண்டும். இறந்தவர் வெளியே போகிற வழி. கட்டுகிறவர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, நாங்களாகத்தான் கேட்க வேண்டும். சாப்பாட்டு வண்டி போகும் வழியும் அதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. படுத்திருப்பவர்களின் ஜன்னலுக்கு நேரே இருக்கக் கூடாது. அழுகிறவர்கள் நிற்பதற்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற யாருக்கும் அந்தக் கோட்டைப் போடும்போது கை ஒரு நொடி நின்றுவிடும். எனக்கும் நின்றது. இப்போது அதைவிட அதிக நேரம் நிற்கிறது.

குளியலறைக் கதவைப் பற்றி மட்டும் உங்களிடம் ஒரு தரம் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் அது வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தாலும் அப்போதுதான் திறக்க முடியும். நம் வீட்டிலும் அப்படி மாற்றிவிடலாம் மாமி என்றேன். "உன் ஆஸ்பத்திரிய என் வீட்டுக்குள்ள கொண்டாராதே" என்றீர்கள். சரி என்று விட்டுவிட்டேன், உங்கள் வீடு.

பிறகு ஒரு நாள் மதியம், லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கப் போன குளியலறையில் வழுக்கி விழுந்தீர்கள். கதவுக்குக் குறுக்கே கிடந்தீர்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து கீலோடு கதவைப் பெயர்த்துத்தான் உங்களை வெளியே எடுத்தோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்த வலியிலும் தலைத்துணி விலகிவிட்டதா என்றுதான் கேட்டீர்கள்.

ஆம்புலன்ஸ் நம்மைத் திருவாரூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இறக்கியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அவசர சிகிச்சை வாசலில் மரத்தில் நிலை வைத்திருந்தார்கள், வீட்டுக்கு வைப்பதுபோல. கீழே குறுக்கே நிலைப்படி. நல்ல கனமான படி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது. நம் பக்கத்தில் வீட்டுக்கு நிலை வைப்பதை நாள் பார்த்துச் செய்வார்கள், வாசலுக்குப் படி இருந்தால்தான் வாசல் என்பார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கும் யாரோ பாசத்தோடு அதையே செய்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் அந்தப் படியில் போய் டொக்கென்று இடித்து நின்றது. தள்ளியவர் பின்னுக்கு இழுத்து, தூக்கி, மறுபடி தள்ளினார். பின்சக்கரமும் இடித்தது. நீங்கள் கத்தினீர்கள். அல்லாஹ்வையோ உங்கள் மகனையோ கூப்பிடவில்லை, என் பெயரைக் கத்தினீர்கள். என் கையை நீங்கள் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தபோது மெதுவாகக் கேட்டீர்கள். "இதானேம்மா உன் வேல? இவங்கள்ட்ட சொல்லக் கூடாதா?"

அதற்குப் பிறகு நீங்கள் தெளிவாகப் பேசியது அதிகமில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். சில நாளில் ஒரு காலை வேளையில் மூச்சு வாங்கியது, ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அதற்கும் வாசலில் இடித்ததற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்கும் தெரியும். ஆனால் உங்களை வெளியே கொண்டுவந்ததும் அந்த வாசல் வழியாகத்தான், மாமி. அங்கே வேறு வழியை யாரும் வரைந்திருக்கவில்லை. அதே படி. இரண்டு முறை டொக், டொக். இந்த முறை நீங்கள் கத்தவில்லை. நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடக்கத்துக்கு உங்கள் மகனால் வந்து சேர முடியவில்லை. மறுநாள்தான் வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அவருடைய சூட்கேஸின் சக்கரம் நம் வீட்டு நிலைப்படியில் இடித்த சத்தம் கேட்டதும் அலறிவிட்டேன். அவரைப் பார்த்த துக்கத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் என்னை விடவில்லை. காய்கறிக் கடைத் தள்ளுவண்டியில் வரும். இப்போது ஆபீசுக்கு நான் போகிற ரயில் வெட்டாற்றுப் பாலம் ஏறும்போது வரும். ஆபீசில் கணினியில் வாசல் என்று ஒரு கோடு போட்டாலே வரும், அதோடு உங்கள் குரலும் வரும். சொல்லக் கூடாதா, சொல்லக் கூடாதா என்று. யாரிடம் போய்ச் சொல்வது?

போன வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்காரர்களே வந்தார்கள். பக்கத்து வயலை மண்ணடித்து மேடாக்கிப் புதுக் கட்டடம் கட்டப் போகிறார்களாம், அவசர சிகிச்சை முழுவதும் அங்கே மாறுகிறதாம். எங்கள் ஆபீசைத் தேடி வந்தார், அன்று எனக்குப் பொறுமையாக விளக்கிய அதே டாக்டர்; ஆஸ்பத்திரியே அவருடையதுதான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். பிறகு எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தபோது நீங்கள் கேட்டது ஞாபகம் வந்தது, பென்சிலை எடுத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். எட்டுப் பேருக்கான இடத்துக்கு, கூரை விளக்குக்கு, அழுகிறவர்களின் நிழலுக்குக்கூட. ஆனால் நான் வாசலுக்குத் தரையோடு தரையாகக் கதவு வரைந்திருக்க, வேங்கை மரத்தில் நிலை செய்து படியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். டாக்டரின் அம்மாவுடைய ஏற்பாடு. நிலை வைக்க நாளும் குறித்தாகிவிட்டது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, அம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள் மேடம் என்று நழுவிவிட்டார்.

கட்டடம் வரப்போகும் மனைக்குப் போனேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுவதற்கு முன்னால் அறையையும் வாசலையும் முழு அளவில் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டு, நிஜ ஸ்ட்ரெச்சரை உருட்டிப் பார்ப்போம். அதற்காகக் கொஞ்சம் சிமெண்டுத் தளம் போட்டு வைத்திருந்தோம். கோட்டுக்குப் பக்கத்தில் அந்த நிலை கிடந்தது. அந்த அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். படி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும், பூச்சி பொட்டு வரும் என்றார். தரையை உயர்த்தியாகிவிட்டது, வாசலுக்கு வெளியே கம்பி மூடி போட்ட வடிகால் வருகிறது, தண்ணீர் அதில் இறங்கிவிடும் என்றேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்ன சொன்னாலும் படி இல்லாத வாசல் வாசலே இல்லம்மா. அது ஓட்ட."

வெள்ளிக்கிழமைதோறும் நம் வீட்டுப் படியைக் கழுவிவிட்டு நீங்கள் சொல்வது. அதே வார்த்தை, அதே இழுப்பு. உங்களை எதிர்த்து நீங்களே வாதாட வந்து உட்கார்ந்திருக்கிறீர்களா என்று தோன்றியது.

அதற்குமேல் வாதாடவில்லை. உங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டு ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததை, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொல்லப் பார்த்தேன். என் மாமிக்கும் படி என்றால் உயிர், அம்மா, கடைசியில் அவர்களைத் தோளில் சுமந்துதான் எங்கள் வீட்டுப் படியைத் தாண்டிக் கொண்டுபோனார்கள், அது அவர்களை ஒன்றும் செய்யவில்லை, சக்கரத்துக்கு மட்டும் படி தெரியாது என்றேன்.

அவர் நிலையை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் எழுந்தார். "அதக் கோட்டுல வைங்கப்பா. என்னைப் படுக்க வச்சுத் தள்ளுங்க" என்றார்.

டாக்டர் ஓடி வந்து தடுத்தார், மகன் பேச்சு எடுபடவில்லை. அந்த அம்மா ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் நடந்தேன். மெதுவாகத்தான் தள்ளினார்கள், முன்சக்கரம் இடித்தது. அந்த அம்மா கத்தவில்லை. சட்டென்று என் கையைப் பிடித்தார். அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி, மாமி. இறுகிய விரல்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "படிய எடுக்க வேணாம். தரைக்குள்ள இறக்கிடுங்க. அது இருக்குன்னு எனக்குத் தெரியும், போதும். மஞ்ச குங்குமத்த மேல்கட்டைக்கு வச்சுக்கறேன்."

அப்படியே செய்தோம். படி மண்ணுக்குள் இருக்கிறது, மேலே தரைக்கல் பாவியிருக்கிறது. போன வாரம் திறப்பு. பூசை முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் முதல் ஆளைக் கொண்டுவந்தார்கள், டிராக்டரிலிருந்து விழுந்த ஒரு பெரியவர். நான் வாசலை ஒட்டி நின்றேன். சக்கரம் நெருங்கியது. சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயேவிட்டது. செருப்பை எங்கே விடுவது என்று அவர் மனைவி என்னிடம் கேட்ட பிறகுதான் சத்தம் வரவில்லை என்பது எனக்கே உறைத்தது. என் கை மட்டும் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

சொல்லிட்டேன் மாமி. இவங்கள்ட்ட சொல்லிட்டேன்.

ஆனாலும் உங்களுக்குக் கேட்டதா? நேற்றுகூடப் பாலத்தில் ரயில் ஏறும்போது அந்தச் சத்தம் வந்ததே, அது ஏன்?

உங்கள் மகன் வந்ததும் வீட்டைச் சீர்பண்ண வேண்டும் என்கிறார். ஒரு வாக்குத் தருகிறேன். நம் நிலைப்படியில் யாரையும் கை வைக்க விட மாட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் நானே கழுவிவிடுகிறேன். என் ஆஸ்பத்திரியை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். குளியலறைக் கதவு ஒன்று மட்டும், மாமி. அன்று பெயர்த்த கதவை இன்னும் திருப்பி மாட்டவில்லை, துணிதான் தொங்குகிறது. அந்த ஒரு கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

கோபித்துக்கொண்டாலும் உங்கள் மருமகள்தான்,
பர்வீன்