மலரக்காவுக்கு, பூட்டைப் பற்றி

என் தங்கமே, என் வாயாடி மலரக்கா,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எந்த விலாசத்துக்கு அனுப்புவாய் என்று கேட்காதே. நான் படிக்கப் படிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாயே, அப்படி உட்கார்ந்துகொள். நம் வாசல் திண்ணையில், அதே இஸ்தோப்பில் இருந்துதான் எழுதுகிறேன். கீழ் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். சத்தம் தள்ளிப் போன பிறகு மறுபடி எழுதுவேன். பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காதே.

"என்னாடி படிக்கிற, டாக்டருக்கா டீச்சருக்கா?" என்று நீ கேட்டபோது, கம்ப்யூட்டர் என்று மட்டும் சொன்னேன். "அது என்னா வேல செய்யும்?" என்றாய். அப்போது எனக்கே தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும். சொல்கிறேன், கேள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பெரிய மிஷின். அதைக் கண்ணாடி அறைக்குள், நம் மார்கழிப் பனியை விடக் குளிரில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து வயர் இழுத்து அடுத்த அறையில் வரிசையாகத் திரைகள். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஒரு மிஷினிடம்தான் வேலை வாங்குவோம். அது ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஆனால் அவரவருக்கு, மிஷின் முழுக்கத் தனக்கே என்றுதான் தோன்றும். அப்படிப் பங்கு பிரித்து மேய்க்கிற கங்காணிக்குத்தான் யூனிக்ஸ் என்று பெயர்.

முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்தேன். திரையில் ஒரு சின்னக் குறி மட்டும் நின்றது. அடுத்து என்ன செய்வது என்று அது சொல்லாது. சரியாகச் செய்தால் பேசாது, தப்பாகச் செய்தால் ஒற்றை வரியில் முகத்திலடித்தாற்போல் சொல்லும். அழித்துவிடு என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் அழித்துவிடும். நம் தோட்டத்துப் பெரிய துரையே பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு புரோகிராம் தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றுவிட்டு, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு பாடம். காத்திருக்க மறந்தால் அந்தப் பிள்ளை செத்த பிறகும் அதன் பெயர் மட்டும் மிஷினின் பட்டியலில் கிடக்கும். நீ போன மறு வாரம், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில் உன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார் என்று அப்பா எழுதியிருந்தார். அந்தப் பாடம் நடந்த அன்று நான் சாப்பிடவில்லை. காய்ச்சல் வந்த அன்றே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கிடைத்திருந்தால்? அதை யாரிடம் கேட்பது?

சரி, பூட்டுக்கு வருகிறேன். ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டலில் ஆளாளுக்குப் பெட்டிக்கெல்லாம் பூட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு, முதல் லீவில் ஹட்டனில் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். நம் லயத்து வரிசையில் நமக்கிருப்பது ஒற்றை அறைதான், அந்தக் காம்பராவுக்கும் பூட்டுப் போடலாம் என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அடி பைத்தியக்காரி, பூட்டுத் தொங்குனாத்தான் உள்ள என்னா இருக்குன்னு எட்டிப் பாப்பாங்க. பக்கத்துக் காம்பரா பாக்கியம் அத்தைக்கு நெருப்பு வேணும்னா என்னா செய்வாங்க? கதவத் தட்டிட்டு நிப்பாங்களா?" என்றாய். பூட்டைக் கருவாட்டுச் சட்டி மூடியின் மேல் பாரமாக வைத்தாய், பூனைக்காக. இந்த முறை நான் வந்தபோதும் அது அங்கேதான் இருந்தது.

யூனிக்ஸிலும் பூட்டு உண்டு அக்கா. மிஷினுக்குள் எங்கள் ஒவ்வொருவருக்கும் காம்பரா மாதிரி ஓர் இடம் இருக்கும். அதற்கு முன்னால் ஒன்பது எழுத்து நிற்கும். முதல் மூன்று சொந்தக்காரருக்கு, நடு மூன்று அவர் கூட்டத்தாருக்கு, கடைசி மூன்று ஊராருக்கு. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் உள்ளே வரலாம் என்று அந்த எழுத்துகள்தான் சொல்லும்.

என் பக்கத்தில் உட்காருகிற சுனிலுக்கு இது விளங்கவில்லை. மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பையன், நல்லவன், வாய் மட்டும் அதிகம். நான் அவனுக்கு நம் லயத்தை வைத்துச் சொன்னேன். முதலில் காம்பராக்காரர், அடுத்து லயத்து ஆட்கள், அப்புறம் ரோட்டில் போகிறவர்கள். "உங்க லயத்தில யாருக்குக் கதவு திறப்பீங்க?" என்று கேட்டான். யாருக்கும் பூட்டுவதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். எந்தத் தோட்டம், எந்த லயம் என்றுகூடச் சொன்னேன்.

கதவைச் சாத்தி வையுங்கள் என்று விரிவுரையாளர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். எல்லோரும் சாத்தினார்கள். எனக்கு மனம் வரவில்லை. கூடப் படிக்கிறவர்களைப் பார்த்து நீங்கள் திருடர்கள் என்று சொல்வது போல இருந்தது. ஒன்பது எழுத்தையும் திறந்தே விட்டேன். லயத்தில் வளர்ந்தவளுக்கு அதைத் தவிர என்ன தெரியும்?

இப்போது நாடு இருக்கிற நிலை உனக்குத் தெரியாது. இந்த முறை தேடப்படுவது சிங்களப் பிள்ளைகள். அரசாங்கத்துக்கு எதிராக நோட்டீஸ் எழுதினான் என்று ராணுவத்துக்குச் சந்தேகம் வந்தால் போதும், ஆள் வீடு திரும்புவதில்லை. ஆற்றோரத்தில் என்னென்னவோ பார்த்ததாகச் சொல்கிறார்கள். தமிழர்களான நம்மைச் சந்தேகிக்க எப்போதுமே வேறு காரணம் இருக்கிறது.

ஒரு நாள் காலை விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார். "உன்னோட இடத்தில ஏதோ நோட்டீஸ் இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க. விசாரிக்க ஆமியில இருந்து வர்றாங்க. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தேத்தண்ணி குடிக்கிற நேரமே அது இல்லை அக்கா. வேண்டுமென்றே எனக்கு அந்த இடைவெளியைக் கொடுத்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

போய்ப் பார்த்தேன். என் பைல்களுக்கு நடுவில் நான் எழுதாத ஒன்று கிடந்தது. மாணவர்கள் வகுப்புக்குப் போகாமல் எழுந்து நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சொந்தக்காரர் என்ற இடத்தில் சுனிலின் பெயர். யூனிக்ஸ் அப்படித்தான், இடம் என்னுடையதாக இருந்தாலும் கொண்டுவந்து வைத்தவன் பெயரைத்தான் எழுதி வைக்கும்.

அக்கா, அந்த ஒரு வரியைக் காட்டினால் நான் தப்பிவிடுவேன். காட்டினால் அவன் செத்தான். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பைல் அவனுடையது, ஆனால் இடம் என்னுடையது என்பதால் நான் அதை அழிக்கலாம். அழி என்றேன். வழக்கமாக எதையும் கேட்காத மிஷின் அன்று கேட்டது. இது உன்னுடையது இல்லை, அழிக்கத்தான் வேண்டுமா என்று. ஆமாம் என்பதற்கு ஒரே ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தைத் தட்ட என் விரல் இரண்டு தடவை தவறியது.

விரிவுரையாளர் வந்து பார்த்தார். என் பாட வேலைகள் மட்டும் இருந்தன. ஒன்பது எழுத்தையும் பார்த்துவிட்டு, "இப்படியா திறந்து போடுறது?" என்றார். அவர் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் சாத்தினேன். ஆனால் அந்த மிஷினில் இருப்பதையெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் டேப்பில் பிரதி எடுத்து அலுமாரியில் வைப்பார்கள். அந்த நோட்டீஸ் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? பார்க்காமல் அழித்துவிட்டேன். பாவி, தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆமி விசாரணைக்கு வருவதற்குள், அந்த வாரமே பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு பின்னேரம். எல்லோரும் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சுனில். ஊரில் தன்னைத் தேடுகிறார்கள் என்று ஓடி, கொட்டகலையில் ரயிலை விட்டு இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறான். செருப்புகூட இல்லை.

"உங்க வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்னு நீதானே சொன்ன" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "என் இடத்தில ஏன் கொண்டு வந்து வச்ச?" என்று சிங்களத்தில் கேட்டேன். தமிழ்ப் பெண்ணிடம் இதைத் தேடமாட்டார்கள் என்று நினைத்தானாம். அவன் இடத்தை எப்படியும் பார்ப்பார்கள் என்று பயமாம். சொல்லிவிட்டு அழுதான். போ என்று சொல்ல என்னால் முடியவில்லை. இரு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. இவன் இங்கே பிடிபட்டால் நம் காம்பரா மட்டுமா போகும்? லயம் முழுக்க அல்லவா எரியும்?

உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். சாத்தியதுதான் தாமதம், பாக்கியம் அத்தை வந்துவிட்டார்கள். மலையிலிருந்து கொண்டுவந்த கூடையைக்கூட இறக்கவில்லை. "ஏ புள்ள, பட்டப்பகல்ல கதவு சாத்திக் கெடக்கு. ஒங்கப்பனுக்கு ஏதும் ஆயிருச்சா?" என்று தள்ளித் திறந்தார்கள். சுனிலைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். போய் ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, "மொதல்ல கதவத் தெறந்து வையி" என்று மட்டும் சொன்னார்கள். அப்பா வேலை முடிந்து வந்து, யார் என்றுகூடக் கேட்காமல், "சாப்புட்டியாப்பா?" என்றார். விளக்கு வைக்கும்போது லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு வாய்கூட வெளியில் பேசவில்லை.

மறுநாள் மேல் தோட்டத்தில் ஜீப் நிற்கிறது என்று செய்தி வந்தது. எனக்கு மூளை வேலை செய்யவில்லை. இவனை உள்ளே வைத்து, வெளியே பூட்டிவிட்டு மலைக்கு ஓடிவிடலாம், ஆளில்லாத வீடு என்று போய்விடுவார்கள் என்று நினைத்தேன். சட்டி மேலிருந்த உன் பூட்டை எடுத்தேன். அக்கா, சத்தியமாக எடுத்தேன்.

பாக்கியம் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கையில என்னா? மலரு இருந்தா ஒன்ன அடிச்சிருப்பா" என்றார்கள். அவனுக்கு அப்பாவின் பழைய சாரத்தைக் கட்டிவிட்டு, தோட்டத்து ஆள் போல இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கோடரியைக் கொடுத்து, முற்றத்தில் எல்லோரும் பார்க்க விறகு வெட்ட வைத்தார்கள். அவன் ஒழுங்காக ஒரு கட்டைகூடப் பிளக்கவில்லை.

ஜீப் வந்தது. ஒரு ஆமிக்காரன் நேராக அவனிடம் போய் சிங்களத்தில் ஏதோ கேட்டான். சொந்த மொழி விளங்காதவன் போல சுனில் விழித்துக்கொண்டு நின்றானே, அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஏண்டா மரம் மாதிரி நிக்கிற? வெறகப் பாத்து வெட்டுடா" என்று அத்தை தமிழில் ஏசினார்கள். நான் வாசலில் நின்று, "அத்தையோட மகன் மாத்தயா, பதுளையில இருந்து வந்திருக்கான், சிங்களம் தெரியாது" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர்கள் திறந்து கிடந்த காம்பராக்களை நடந்தபடியே எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அடுப்பும் புகையும் பிள்ளைகளும்தான். லயத்தின் கடைசியில் இந்தியாவுக்குப் போய்விட்ட குடும்பத்தின் காம்பரா இருக்கிறதே, துருப்பிடித்த பூட்டோடு, அங்கே போய் நின்றார்கள். கதவை உதைத்து உடைத்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. அதைக் கிண்டிப் பார்த்த களைப்பிலேயே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

ஜீப் வளைவில் மறைந்த பிறகு நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சுனிலின் உள்ளங்கை கொப்புளம் உடைந்து ரத்தம். "வெறகு வெட்டத் தெரியல, நோட்டீசு மட்டும் எழுதத் தெரிஞ்சிச்சாக்கும்" என்று அத்தை ஏசிக்கொண்டே துணி கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை மரக்கறி லொறியில் ஏற்றி அனுப்பினோம். போய்ச் சேர்ந்தானா என்று தெரியாது. கேட்கவும் வழியில்லை.

இப்போது பல்கலைக்கழகம் திறக்கப்போகிறது. நாளை மறுநாள் நான் போகிறேன். அந்த டேப் அலுமாரியில் இருக்கிறது. அதில் அவன் பெயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் சாத்தி வைத்தால் என்னைச் சந்தேகிப்பார்களா, திறந்து வைத்தால் மறுபடி யாராவது எதையாவது கொண்டுவந்து வைப்பார்களா என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. கடைசி மூன்று எழுத்தை மூடலாம் என்றிருக்கிறேன். நடு மூன்றைத் திறந்துதான் வைப்பேன். பாக்கியம் அத்தை அந்த நடு மூன்றில் இருப்பவர்கள்தானே?

பூட்டை மறுபடி சட்டி மூடி மேல் வைத்துவிட்டேன். பூனை காலையிலிருந்து சுற்றிக்கொண்டு இருக்கிறது.

ஒன்றே ஒன்று சொல்லி வைக்கிறேன் அக்கா. ஆமிக்காரர்கள் கூப்பிட்டு அந்த நோட்டீஸ் யாருடையது என்று கேட்டால், என் இடத்தில் இருந்தது, நான் அழித்தேன் என்று மட்டும் சொல்வேன். பெயர் சொல்லமாட்டேன். அழுதாலும் அழுவேன். பெயர் மட்டும் சொல்லமாட்டேன். அப்புறம் எனக்கு என்ன ஆனாலும், நம் காம்பராக் கதவைச் சாத்த வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

உன் கூடப் பிறந்த பயந்தாங்கொள்ளி,
ராணி