விரலில் இறுகிய பட்டு இழை

12.8.2003, செவ்வாய், இரவு

என் வீட்டுக்காரர்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் பவித்ராவுக்குக் காது குத்து. அவள் தாய்மாமன் மோதிரம் போட வேண்டிய விரலில்தான் ஒரு சதைக் கட்டி, பட்டாணி அளவில். சின்னக் குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவதாம், கெட்டது இல்லையாம். "வெட்டினா திரும்பவும் வரலாம். விட்டா சில வருஷத்துல தானா கரையும்" என்றார் வேலூர் டாக்டரம்மா. இவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினால் குழந்தை வீறிட்டு அழுகிறாள். விரல் நீலம் பாரித்திருக்கிறது. மரு உதிர முடி கட்டுவதுபோல், இவர் கட்டியைச் சுற்றிப் பட்டு இழையைக் கட்டியிருக்கிறார். அது நழுவி விரலையே இறுக்கிவிட்டது. இவர் போட்டதோ, தறி நெய்யும்போது அறுந்த இழைக்குப் போடும் முடிச்சு. அவிழவே அவிழாது.

"மோதரம் ஏறணுமே, ஜல்தியா உதிர்ந்துடும்னு பார்த்தேன்டி" என்றார்.

"பேசாம பாப்பா கையப் புடிச்சிகினு இருங்க" என்றேன். வீக்கத்தில் புதைந்த இழையை ஊசி முனையால் தூக்கி, பிளேடால் அறுத்தேன். சிறிது நேரத்தில் விரல் சிவந்தது.

மோதிரம் வேண்டாம், கொலுசு வாங்கி வா என்று தம்பிக்குப் போனில் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் கேட்டால் கட்டியைக் காட்டி நானே விளக்குவேன்.

இவர் தூங்கும் குழந்தையின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "செவப்பா தானே கீது?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்று முறையும் ஆமாம் என்றேன். இனிச் சொல்வதாக இல்லை. முடிச்சுப் போட்டவர் முழித்திருக்கட்டும். எனக்குத் தூக்கம் வருகிறது.