தீட்ரின் என்பவரின் ஒப்புதல் வராததால் முடங்கிக் கிடக்கும் படச்சுருள்

அனுப்புநர்
பெர்த்தா கெண்டி,
(காலஞ்சென்ற பெர்சிஸ் கெண்டியின் மகள்)
எண்ணெய்க் கிடங்குக்கு அடுத்த வீடு,
வில்லோ துறை, பீல் ஆற்றங்கரை,
கனடாவின் வடமேற்கு நிலப்பகுதி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
வடபுல ஆற்றுவாழ்வுப் படக் காப்பகம்,
தலைநகர்.

பொருள்: எங்கள் ஊர் மீன்பிடி முகாமைக் காட்டும் பழைய படச்சுருளின் நகல் கோருதல் – காப்பகம் தேடிவரும் "திரு. தீட்ரின்" ஒரு நாய் என்பதைத் தெரிவித்தல் – என் அண்ணனின் கண்பார்வை முழுதும் போவதற்குள் ஆவன செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மேற்கோள்: தங்கள் காப்பகத்திலிருந்து எங்களுக்கு வந்த மறுப்புக் கடிதங்கள் மூன்று.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தாங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்றும், ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் மனுக்களைத் தாங்களே படிக்கிறீர்கள் என்றும் வானொலியில் கேட்டேன். கேட்டதும் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன், முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. எண் போட்டு எழுதினால்தான் தலைநகரத்தில் மதிப்பார்கள் என்று ஊர்மன்றத்தில் சொன்னார்கள். ஆகவே எண் போட்டிருக்கிறேன்.

1. 1952ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றை அளக்க வந்த படகில் இருந்த ஒருவர் எங்கள் மீன்பிடி முகாமைப் படம் பிடித்தார். கறுப்பு வெள்ளைப் படம், ஒலி கிடையாது. வலை இழுக்கிறார்கள், பெண்கள் கரையில் மீன் கீறுகிறார்கள், பந்தலில் மீன் காய்கிறது, கீழே வில்லோ விறகு புகைகிறது. அதில் மீன் கீறுகிற பெண்களில் இடது ஓரத்தில் நிற்பவர் எங்கள் தாயார் பெர்சிஸ். அவர் முதுகில் மணிகோத்த பட்டையில் ஒரு மூட்டை தொங்கும். அந்த மூட்டை நான்.

2. அதே ஆண்டு ஆறு உறைவதற்கு முன், நெஞ்சு நோய்க்காக எங்கள் தாயாரை மருத்துவப் படகில் தெற்கே கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அண்ணன் அம்ப்ரோஸுக்கு அப்போது மூன்று வயது, எனக்கு ஒன்றுகூட ஆகவில்லை. அவர் முகம் எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை.

3. போன கோடைக்கு முந்தின கோடையில் தங்கள் காப்பகத்திலிருந்து வந்து இந்தச் சுருளை எங்கள் ஊர்க்கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். என் தாயின் முகத்தை எழுபது வயதில் முதன்முறையாகப் பார்த்தேன். அன்று நான் அழுத அழுகையை இங்கே எழுத வேண்டியதில்லை, கூடத்தில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அண்ணன் அன்று ஊரில் இல்லை. மேலாற்று முகாமில் இருந்தார், காற்று அடித்த அடியில் படகை இறக்கவே முடியவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது படமும் போயிற்று, விமானமும் போயிற்று.

அன்று தங்கள் அலுவலர் அம்மையார் ஒருவர், திரையில் தெரியும் ஒவ்வொருவரும் யார் என்று எங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். நல்ல பெண்மணி. நாங்கள் கொடுத்த உலர்மீனை முகம் சுளிக்காமல் தின்றார். படகில் ஒரு மனிதர் வளைவு திரும்பி வரும் காட்சி வந்ததும் கூடம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது: "அட, தீட்ரின் அப்பா! தீட்ரின் அப்பா!" அம்மையார் அதையும் எழுதிக்கொண்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அங்கேதான்.

4. எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் அவருடைய சொந்தப் பேர் அன்றோடு சரி. இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா, அவ்வளவுதான். என் தகப்பனார் சாகும்வரை 'அம்ப்ரோஸ் அப்பா'தான். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் பாதிரியாருக்கு மட்டுமே தெரியும். பிள்ளையில்லாதவர் என்ன செய்வார்? அவரைப் பேரில்லாமல் விட்டுவிட முடியுமா? பனியில் அவருடைய வண்டியை இழுக்கும் நாய்களில் முன்னோடி நாயின் பேரைச் சொல்லி, அதன் அப்பா என்று கூப்பிடுவோம். படகில் வந்தவரின் ஞானஸ்நானப் பேர் எலையஸ் நெரிசூ. கல்யாணம் கட்டாதவர். அவருடைய நாய் கன்னங்கறுப்பு, அதனால் அதற்குத் தீட்ரின் என்று பேர். எங்கள் பேச்சில் தீட்ரின் என்றால் அண்டங்காக்கை.

இதில் கேலி எதுவும் இல்லை. எலையஸ் என்று கூப்பிட்டவனுக்கு அவர் தேநீர்கூடக் கொடுத்ததில்லை என்பார்கள். அவ்வளவு பெருமை அவருக்கு. இதை விளக்கவேண்டும் என்று அன்று கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கத்திவிட்டோம். நாங்கள் செய்த பிழை அதுதான்.

5. படத்தில் பேர் சொல்லி அடையாளம் காட்டப்பட்ட ஒவ்வொருவருடைய குடும்பமும் ஒப்புதல் தந்தால்தான் சுருள் வெளியே வரும் என்பது தங்கள் விதி. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. எங்களைக் கேட்காமலே எங்கள் முகங்களை அஞ்சலட்டையாக விற்ற காலத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். விதி இருக்கட்டும். தாயாருக்காக நானும் அண்ணனும் கையெழுத்திட்டோம். முதுகில் தொங்கும் மூட்டைக்காகவும் நானே கையெழுத்திட்டேன். எலையஸுக்காக அவருடைய தம்பி மகன் கையெழுத்திட்டார். பதில் வந்தது: "படகில் உள்ளவரின் நேரடி வாரிசான தீட்ரின் அவர்களின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அவரைத் தொடர்ந்து தேடிவருகிறோம்."

6. அடுத்து நடந்ததற்குக் காரணம் கொலின் தெத்லிச்சி. ஊர்மன்றத்தில் தொலைபேசி எடுப்பவன். எனக்கு மாமன் மகன். எங்களில் மாமன் மகன், அத்தை மகள் என்றால் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே ஆகவேண்டும், அது முறை. இவன் அந்த முறையை உலகத்தோடு வைத்துக்கொண்டிருக்கிறான். தங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், அந்தப் பக்கத்துக் குரலும் எனக்குக் கேட்டது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

"தீட்ரின் இப்ப எங்கங்க இருக்காரு?"

"அவரா? அவரு போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சுங்களே. துறைக்கு மேலதான் புதைச்சோம்."

"அடடா. வருத்தமா இருக்குங்க. வாரிசு யாராவது…"

"வாரிசுக்கா பஞ்சம்? ஊரு பூரா அவரு பேரப்பிள்ளைங்கதான். பொழுது சாஞ்சா ஒரே ஊளை. ரெண்டு பேரு என்னையே கடிச்சிருக்காங்கன்னா பாத்துக்குங்க."

இரண்டாவது கடிதம் வந்தது. காலஞ்சென்ற தீட்ரினின் வாரிசுகளில் மூத்தவராவது ஒப்பமிட வேண்டும் என்று இருந்தது. கூடவே, குடும்பத்தில் வன்முறை நிலவுவதாக அறிந்து வருந்துகிறோம், ஆலோசனைக்கு இந்த எண்ணை அழைக்கலாம் என்றும் இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஏன்டா, ஒனக்கு வெளையாட வேற எடமே கெடைக்கலியா? எங்கண்ணன் கண்ணு போயிட்டு இருக்கு, நீ சிரிச்சிட்டு இருக்க!" என்று கேட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. "கடிக்கறாங்கன்னு சொன்னா நாயின்னு புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சேன் பெர்த்தா. சத்தியமா" என்றான். அங்கேயே, என் எதிரிலேயே தங்கள் அலுவலகத்தை அழைத்து, "அது நாயிங்க. அந்தத் தீட்ரின் ஒரு நாயிங்க" என்று கெஞ்சினான். அதற்கும் கடிதம் வந்தது, மூன்றாவது. மறைந்த ஒருவரை இழிசொல்லால் குறிப்பிடுவதைக் காப்பகம் பதிவுசெய்ய இயலாது என்று அதில் எழுதியிருந்தது.

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, எங்கள் நிலை இப்போது அதுதான் அம்மையீர். தங்கள் அலுவலர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு நாய்க்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள் எங்களை வேண்டுமென்றே வதைக்கமாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன்.

7. இதற்குச் சாட்சி தங்கள் கையிலேயே இருக்கிறது. தயவுசெய்து தாங்களே அந்தச் சுருளைப் போட்டுப் பாருங்கள். படகு வளைவு திரும்பியதும் பின்பக்கம் நிற்கும் எலையஸ் வாயைத் திறந்து கூப்பிடுவார். சத்தம் வராது, ஆனால் உதடு தெரியும். படகின் மூக்கில் காது ஒன்று மடங்கிய கறுப்பு நாய் நின்றுகொண்டிருக்கும். அவர் கூப்பிட்டதும் சட்டென்று திரும்பிப் பார்க்கும். அப்படித் திரும்பிப் பார்ப்பவர்தான் திரு. தீட்ரின்.

அதன் பிறகும் வாரிசின் ஒப்பம் தேவை என்று விதி சொன்னால், அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தீட்ரின் வழிவந்தது என்று ஊரே ஒத்துக்கொள்ளும் நாய் ஒன்று கொலினிடம் இருக்கிறது. காதும் அதே மாதிரி மடங்கியது. செய்த வினைக்குப் பரிகாரமாக அவனே அதைப் பிடித்து, காலில் மை தடவி, ஊர்மன்றத் தலைவர் முன்னிலையில் பதித்துக் கொடுத்தான். ஒப்பமிட மறுக்கவில்லை. மையைத்தான் நக்கப் பார்த்தது.

8. இனி அண்ணனைப் பற்றி. ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியே காலம் கழித்தவர். மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொன்ன கண்கள் அவை. இப்போது ஓரப்பார்வை முழுதும் போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. வரும் வசந்தத்தில் ஆற்றுப் பனிக்கட்டி உடைவதற்குள் அதுவும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மனு எழுதப்போகிறேன் என்று சொன்ன அன்றே ஊர்க்கூடத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டச் சொன்னார். ஒரு நாற்காலியை எடுத்து முன்னால் போட்டுப் பார்த்தார், பின்னால் போட்டுப் பார்த்தார். கடைசியில் கதவை ஒட்டிப் போட்டார். "இங்கருந்து பாத்தா துணி முழுசும் கண்ணுக்குள்ள அடங்குது. இங்கயே கெடக்கட்டும், யாரும் நகத்தாதீங்க" என்றார். யாரும் நகர்த்தவில்லை. எண் குலுக்கும் ஆட்டத்துக்கு ஊரே கூடும் நாள்களில்கூட அதைச் சுற்றித்தான் போகிறார்கள். கதவை முழுதாகத் திறக்க முடியவில்லை என்று முணுமுணுப்பவர்களும் சுற்றித்தான் போகிறார்கள்.

"அம்மா எப்படி இருந்தாங்க?" என்று என்னை அடிக்கடி கேட்கிறார். "அழகா இருந்தாங்க அண்ணா" என்பேன். "அது எல்லாரும் அவங்கவங்க அம்மாவச் சொல்றதுதானே" என்று சலித்துக்கொள்வார்.

9. இந்த ஒன்பதாம் எண் தங்களுக்கு மட்டும். அண்ணனுக்கு மனுவைப் படித்துக்காட்டியபோது இதைத் தாண்டிவிட்டேன்.

அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு குறை உண்டு. "ஒன்னையாவது முதுகுல சொமந்தாங்க. என்னைய அவங்களுக்கு நெனப்பே இருந்திருக்காது" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். அதே சுருளில், படகு கரை சேர்ந்த பிறகு, ஒரு சிறுவன் ஓடிவந்து எங்கள் தாயாரின் பாவாடையைப் பிடித்து இழுப்பான். அவர் கத்தியைக் கீழே வைப்பார். உலர்மீனில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு, மென்று, எடுத்து அவன் வாயில் ஊட்டுவார். ஊட்டிவிட்டு, மீன்பட்ட விரல்களை அவன் தலைமயிரிலேயே துடைப்பார். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிறுவன் அம்ப்ரோஸ்.

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. வாயால் சொன்னால் தங்கை ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். அவரே பார்க்கவேண்டும். அன்று கூடத்தில் இருந்த ஒருவர்கூட இதுவரை அவரிடம் சொல்லவில்லை. கொலின்கூடச் சொல்லவில்லை. அவன் வாய் ஒரு விஷயத்தை இத்தனை நாள் காத்தது இதுதான் முதல் தடவை. ஆகவே தங்கள் பதிலில் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எங்களுக்கு வரும் கடிதங்களை இப்போது அண்ணனுக்குக் கொலின்தான் உரக்கப் படித்துக்காட்டுகிறான். எந்த நாள் என்று மட்டும் எழுதினால் போதும்.

10. ஆகவே, திரு. தீட்ரினைத் தேடும் பணியைக் கைவிட்டு, அவர் பெயருக்கு எதிரே 'நாய்' என்று மரியாதையாகவே பதிந்துகொண்டு, சுருளின் நகலை எங்கள் ஊருக்கு வழங்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். விமானத்தில் அனுப்பினாலும் சரி, இணையவழி அனுப்பினாலும் சரி. இங்கே இணையம் ஆமை வேகம், ஆனாலும் வந்து சேரும். தாங்களே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. வெள்ளைமீனும் தேநீரும் உண்டு, கொலினின் நாயையும் நேரில் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆற்றின் ஓரங்களில் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. நேற்றுக்கூட அண்ணன் கூடத்துக்குப் போய் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வெறும் துணியைப் பார்த்துவிட்டு வந்தார். தெளிவாகத் தெரிகிறது என்றார்.

இணைப்பு: ஊர்மன்றத் தலைவரின் சான்று. எலையஸ் நெரிசூவின் தம்பி மகன் தந்த ஒப்புதல். தீட்ரின் வாரிசின் பாதப் பதிவு (மை ஒரு ஓரத்தில் நக்கப்பட்டுள்ளது). அம்ப்ரோஸ் கெண்டியின் ஒப்புதல் (கையெழுத்து கோட்டைவிட்டு மேலே ஏறிப்போயிருக்கும், அவர் போட்டதுதான்).

இடம்: வில்லோ துறை
நாள்: 9 அக்டோபர் 2023

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

பெர்த்தா கெண்டி
(படத்தில் தாயாரின் முதுகில் இருப்பவள்)