செல்லோவுக்கு நான் தப்பாக எழுதிய சுரம்

என் பிரியமுள்ள அண்ணாவுக்கு,

நேற்று சென்னையில் முப்பது வாத்தியக்காரர்கள் என் கையசைவுக்காகக் காத்திருந்தார்கள். சினிமாப் பாட்டு அண்ணா. அதற்கு இசைக்கோர்ப்பு எழுதியது உங்கள் தங்கச்சி.

இருபது வருஷம் நீங்கள் நின்ற இடத்தில், நம் மெல்லிசைக் குழுவின் முன்னால், நீங்கள் கண்மூடிய பிறகு இப்போது நான் நிற்கிறேன். பகலெல்லாம் மண்ணரை பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விடிகாலையில் நோட்ஸ் எழுதுவேன். குன்னத்தூர் கச்சேரியில் நம்மைக் கேட்ட ஓர் இளம் இசையமைப்பாளர்தான் கூப்பிட்டார். ஸ்டுடியோவுக்குள் போனதும், "எழுதினவங்களே கண்டக்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார்.

முதல் டேக் பாதியில் இடறியது. செல்லோ வாசித்த பெண்ணை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் தாளைப் பார்த்தேன். ஒரு சுரத்தை நான்தான் மாற்றி எழுதியிருந்தேன். சத்தமில்லாமல் பென்சிலால் திருத்திவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது.

"தப்பு என்னோடதுங்க. நான் எழுதுனதைத்தான் அவங்க வாசிச்சாங்க" என்றேன்.

முன்வரிசையில் இருந்த நரைத்த வயலின்காரர் சிரித்தார். "திருத்திக் கொடும்மா, மறுபடி போவோம்."

அடுத்த டேக்கை எப்படிச் சொல்வேன்? அத்தனை வில்லும் ஒன்றாக எழுந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முடிந்ததும் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டலாம்.

திரும்பும் ரயிலில், நம்மிடம் தபலா வாசித்த ராசப்பன் மாமா நினைப்பு வந்தது. பாட்டின் நடையை மாற்றிவிட்டு அவரிடம் சொல்ல மறந்தது நீங்கள். மேடையிலேயே உங்களிடம் திட்டு வாங்கியது அவர். அதோடு குழுவைவிட்டுப் போனார். உங்களுக்கும் உறுத்தியதுதானே? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இன்று அவர் வீட்டுக்கே போனேன். "அன்னைக்குத் தப்பு அண்ணன் மேலதானுங்க மாமா" என்றேன்.

"தெரியுங் கண்ணு. உங்கண்ணன் வாயால கேக்கோணும்னுதான் இருந்தேன்" என்றார். பிறகு தபலாவின் உறையைக் கழற்றினார். "கச்சேரி எப்போ?"

அடுத்த வாரம் மடத்துக்குளத்தில், அண்ணா. அவர் என் வலப்பக்கம் உட்காருவார். எல்லோர் முன்னாலும் அவரிடம் உங்களுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கையைத் தூக்குவேன். அதனால் உங்கள் பேர் குறையாது, குறைய விடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
கனகா