பதவிசு, நறுவிசு, கட்டுப்பெட்டி

பிப்ரவரி 7, வியாழன்
நல்ல வெயில். காற்றே இல்லை. சீனர் பெருநாள் முடிந்தும் தெருவெல்லாம் வெடிக் காகிதம். நாலாம் வகுப்புக்கு ஒரே பொருள் தரும் சொற்கள் பாடம். 'ஒழுங்கு' என்பதற்குப் பலகையில் எழுதியவை: செப்பம், நேர்த்தி, கச்சிதம், திருத்தம், சுத்தபத்தம். பின்வரிசை ஸ்டெல்லா கை தூக்கினாள். "ரோசம்மா டீச்சர்னு எழுதலாமா டீச்சர்?" என் பெயரைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நானும்.

வாங்க வேண்டியது: வெள்ளை நூல், சுண்ணாம்புக் கட்டி, அம்மாவுக்குத் தைலம்.

பிப். 8, வெள்ளி
பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை துறைமுக ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி. வயது நாற்பது. முதல் மனைவி இறந்து இரண்டு வருடம். பேச்சுக்குப் பேச்சு கைக்குட்டையை நாலாக மடிக்கிறார். சன்னல் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. இருந்திருக்கக் கூடாதா! காலையில் துடைத்தவள் நான்தான், முட்டாள்.

அவருடைய அக்கா: "நறுவிசான பொண்ணு."
என் சின்னம்மா: "குனிஞ்ச தலை நிமிராது. அவ்வளவு பதவிசு."
அவர்: "கல்யாணத்துக்கப்புறம் ஸ்கூல் வேலை வேணாம்லா. வீடு சுத்தமா இருந்தா போதும்."

அடுக்களையில் அம்மாவிடம் எனக்கு வேண்டாம் என்றேன். சின்னம்மா முந்திக்கொண்டாள். "வெக்கப்படுதுக்கா. வேணும்னு வாய்விட்டுச் சொல்ற பொண்ணா இது?" அம்மா ஆறிப்போன காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

வேண்டும் என்றால் வெட்கங்கெட்டவள். வேண்டாம் என்றால் வெட்கம். பேசாமலிருந்தால் சம்மதம். பின்னே நான் என்னதான் சொல்லித் தொலைப்பது?

பிப். 10, ஞாயிறு
நேற்றே பேசி முடித்துவிட்டார்கள். இன்று கோயிலில் முதல் கல்யாண ஓலை. பிரசங்கம் முடிந்து சாமியார் எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுமாம். இன்னும் இரண்டு ஞாயிறு இப்படி. 27-இல் கல்யாணம். தபசு காலம் தொடங்கிவிட்டால் நாற்பது நாள் கோயிலில் கல்யாணம் கிடையாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

பிப். 13, புதன்
தலைவலி. பள்ளியில் தெரேசா டீச்சரிடம் கல்யாணம் வேண்டாமென்று சொன்னேன். "அப்பாகிட்ட நேரா சொல்லேன். சரியான கட்டுப்பெட்டிலா நீ!" கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் அப்பா. இவ்வளவுதான், ஆனால் தெளிவாக.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல பொண்ணுன்னா அப்படித்தாம்மா சொல்லும். எல்லாம் அப்பா பாத்துக்கிறேன்." தலையைத் தடவிக்கொடுத்தார். நாலு அடி அடித்திருந்தால் தேவலை.

பிப். 16, சனி
பாவசங்கீர்த்தனம். பாவம் சொல்லப் போன இடத்தில், கல்யாணத்தில் விருப்பமில்லை என்று சாமியாரிடமும் சொல்லிப் பார்த்தேன். "அடக்கமான பெண்ணுக்கு இந்த அச்சம் அழகுதான் மகளே. பயப்படாதே." பரிகாரம்: மூன்று அருள் நிறை மந்திரம். எந்தப் பாவத்துக்கு என்று தெரியவில்லை. முழங்காலிட்டுச் சொன்னேன், ஒன்றுகூடக் குறையாமல்.

பிப். 17, ஞாயிறு
இரண்டாம் ஓலை. தடை என்ற சொல் வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மதியம் மீன் குழம்பு. சின்னம்மா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

பிப். 21, வியாழன்
பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்: "சுடா கெமாஸ்?" எங்கள் வீடு எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும் என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவள் சிரித்தாள். வீட்டைக் கேட்கவில்லையாம். சாமானெல்லாம் கட்டியாயிற்றா, கிளம்பத் தயாரா என்று கேட்டாளாம். சுத்தமாக வைப்பதற்கும் மூட்டை கட்டுவதற்கும் அவர்களுக்கு ஒரே சொல்!

உள்ளே வந்து பார்த்தேன். என் சேலைகளை அம்மா டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருந்தாள், ஓரத்துக்கு ஓரம் பொருந்த. அதன் மேலேயே முகத்தை வைத்து அழுதேன். அழுது முடித்து, கசங்கின மேல் சேலையை மறுபடி மடித்து வைத்தேன். இதுதான் நான்.

பிப். 22, வெள்ளி
புழுக்கம். ராஜினாமாக் கடிதத்தை அப்பாவே எழுதிவிட்டார். "கையெழுத்து மட்டும் போட்டுடும்மா. திங்கக்கிழமை குடுத்துடு." போட்டேன். எழுத்து முத்து முத்தாக வந்திருக்கிறது, பாழாய்ப்போக.

நாலாம் வகுப்பு நோட்டு 31 திருத்த வேண்டும். யார் திருத்துவார்கள் இனிமேல்?

பிப். 24, ஞாயிறு
மூன்றாம் ஓலை. எழுத்தெல்லாம் கோணல்.

தடை அறிந்தவர்கள் என்று சாமியார் வாசித்ததும் எழுந்து நின்றேன். "இருக்கு சாமி. எனக்குச் சம்மதமில்லை." என் குரலே இல்லை அது. சந்தையில் மீன் கூவுகிறவள் குரல். பின்னாலிருந்து: "அந்தப் பொண்ணா? அட கடவுளே." "வெக்கங்கெட்ட ஜென்மம்." சின்னம்மா முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. மாப்பிள்ளை எழுந்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு, வெளியே போனார்.

பூசைக்குப் பிறகு சாமியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: சம்மதமில்லாத பெண்ணின் தாலியை அவர் மந்திரிக்க மாட்டாராம். அப்பா தலைகுனிந்து நின்றார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா: "யாரு சொல்லிக் குடுத்தா?" யாருமில்லை, நானேதான் என்றேன். "பொய் சொல்லாதே. நீ இப்படிப் பேசுற பொண்ணே இல்ல." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராஜினாமாக் கடிதத்தைக் கண்டபடி கிழித்தேன். சந்தோஷமாக இல்லை.

மணி இரண்டு. யாரும் சாப்பிடவில்லை. அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் குரல் ஆம்பளைங்க பக்கம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சாம்," என்றாள்.

ரசத்தை ஊற்றினாள். பிறகு, "என் கல்யாண ஓலை வாசிச்சப்ப எனக்குச் சத்தமே வரல."