கேட் மிஷினுக்குத் தெரியாத முகம்

அன்புள்ள அப்பாவுக்கு சுபஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன மாதம் ஒரு வேடிக்கை. கம்பெனி கேட்டில் முகம் பார்த்து வருகை பதியும் மிஷின் என்னை ஏற்கவில்லை. செக்யூரிட்டி காந்திமதி அக்கா, “இன்னாம்மா, வாய் ஒரு பக்கமா கோணிகினு கீது?” என்று கேட்டு, தண்டலத்தில் டாக்டரிடம் அழைத்துப்போனார். பக்கவாதம் இல்லை அப்பா, பயப்படாதீர்கள். முகத்தின் இடப்பக்கத்துக்கு வரும் ஒரு நரம்பு வீங்கியிருக்கிறதாம். மாத்திரை தந்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது மூடாத இமைமேல் டேப்.

அது நூலளவு நரம்புதானாம். இமைப்பது, சிரிப்பது, கண்ணீர், நாக்கின் ருசி வரைக்கும் அதன் வேலை. லைனில் என் ஒருத்தியை வேலை வாங்கவே இரண்டு சூப்பர்வைசர்கள். இதுவோ இருபத்துநான்கு வருஷமாக யாரும் சொல்லாமலே செய்திருக்கிறது. நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது.

அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். நாக்கின் இடப்பக்கத்துக்குப் புளிப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நெட் சரியில்லை, அதனால்தான் வீடியோவில் வரவில்லை என்று நான் சொன்னது பொய். இன்று காலை மிஷின் என்னை மறுபடி உள்ளே விட்டது; சிரித்தால் மட்டும் வாய் இன்னும் கொஞ்சம் கோணுகிறது. சாப்பாட்டு நேரம் முடிகிறது, லைனுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுங்கள். அம்மா என்னைப் பார்க்கும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

சுபஸ்ரீ